மலிவா, சிக்னலா? கைபேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

2018 பிப்ரவரி மூன்றாம் வாரம். தமிழ்நாடு முழுவதும் ஏர்செல் சிம் போட்டிருந்த கைபேசிகளில் சிக்னல் கோடுகள் மறைந்தன. முதல் நாள் ஏதோ கோளாறு என்று நினைத்தவர்கள், மறுநாள் நிறுவனத்தின் கிளைகள் முன் கூடினார்கள். யாரையும் அழைக்க முடியவில்லை, அவர்களை யாராலும் அழைக்கவும் முடியவில்லை. வங்கியிலிருந்து வரவேண்டிய ஓடிபி வரவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்றால், அதற்கு அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியே ஏர்செல் சிக்னல் வழியாகத்தான் போயாக வேண்டும். சிக்னல் இல்லாததால் வெளியேறும் கதவும் அடைபட்டது.

அந்த வாடிக்கையாளர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் ஏர்செல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு விலை முக்கியக் காரணம். ரேட் கட்டர், பாக்கெட் இன்டர்நெட் என்று சின்னச் சின்ன ரீசார்ஜ்களால் வளர்ந்த நிறுவனம் அது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையிலும், சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டியின் பெயரிலும் இடம்பிடித்தது. மலிவாகவும் இருந்தது, சொந்த ஊர்க் கம்பெனி போலவும் இருந்தது. ஆனால், வாடிக்கையாளர்கள் பார்க்காத, பார்க்க வழியும் இல்லாத ஓர் இடத்தில் அதன் அடித்தளம் அரிபட்டுக்கொண்டிருந்தது. 2010-இலேயே தன் 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, ஏர்செல் வாடகைக்குக் குடியிருந்தது. கடன் ஏறியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் முயற்சி 2017 அக்டோபரில் முறிந்தது. டவர் நிறுவனத்தோடு நிலுவைத் தகராறு முற்றியபோது சிக்னல் போனது. மாத இறுதியில் திவால் மனு மும்பை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, ஏப்ரல் 15 வரை வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ள வழி செய்தது.

கைபேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் நம்பகத்தையும் எப்படி நிறுத்துப் பார்ப்பது என்ற கேள்வியை இந்த நிகழ்வோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. விலை எல்லோருக்கும் தெரியும்படி சுவரொட்டியில் இருக்கிறது. நம்பகம் எங்கும் அச்சிடப்படுவதில்லை. அது போன பிறகுதான் அதன் மதிப்பு தெரிகிறது.

பதினாறு ரூபாயிலிருந்து இலவசம் வரை

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு அதுதான். அன்று உச்ச நேரக் கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை. அழைத்தவர் மட்டுமல்ல, அழைப்பை ஏற்றவரும் காசு கொடுத்தார். மணி அடித்ததும் துண்டித்துவிடும் மிஸ்டு கால் பழக்கம் அந்தக் கட்டணத்துக்கு அஞ்சிப் பிறந்தது.

1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்கள் கட்டிவந்த நிலையான உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்கீடாக மாற்றியது. 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசமானது. அதே ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கைபேசியைக் கையில் கொடுத்தது. 2005 முடிவில் 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்க உள்வரும் அழைப்பு என்ற ‘லைஃப் டைம்’ திட்டங்கள் வந்தன. 2009-இல் டாடா டோகோமோ விநாடிக் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்க, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2016 செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோ, அழைப்புகளுக்குக் கட்டணமே இல்லை என்றது. தொடக்கச் சலுகையாக டேட்டாவையும் 2017 மார்ச் இறுதிவரை இலவசமாக அள்ளிக் கொடுத்தது.

இந்த இருபது ஆண்டுகளில் வாடிக்கையாளர் ஒரு பாடத்தை நன்றாகப் படித்துவிட்டார்: விலை இறங்கிக்கொண்டே இருக்கும், எனவே எங்கே குறைவோ அங்கே போ. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோதிக்கொண்ட சந்தையில் அந்தப் பாடம் சரியாகவே இருந்தது.

ஆனால், அந்த மலிவுக்கான விலையை நிறுவனங்கள் உயிரால் கொடுத்தன. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 டிசம்பரில் குரல் சேவையை மூடியது. டெலினார் இந்தியாவும் டாடாவின் கைபேசிப் பிரிவும் ஏர்டெல்லுக்குள் அடங்கின. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாயின. இன்று நாடு முழுக்க ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா என்று தனியார் மூவர், அரசின் பிஎஸ்என்எல் ஒன்று. மும்பையிலும் டெல்லியிலும் மட்டும் எம்டிஎன்எல் பெயரளவில் மிச்சம்.

போட்டி சுருங்கியதும் விலை திரும்பியது. 2019 டிசம்பரில் ஓர் உயர்வு, 2021 நவம்பரில் இன்னொன்று, 2024 ஜூலை தொடக்கத்தில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து உயர்த்தின. லைஃப் டைம் திட்டமோ 2018 கடைசியிலேயே செத்துவிட்டது. சிம்மை உயிரோடு வைத்திருக்க மாதம் 35 ரூபாயாவது போட வேண்டும் என்று அப்போது நிபந்தனை வந்தது. அந்தக் குறைந்தபட்சத் தொகை ஏர்டெல்லில் 2023 தொடக்கத்தில் 99-இலிருந்து 155 ஆனது. 2024 ஜூலை உயர்வோடு அந்நிறுவனத்தின் 28 நாள் முழுச் சேவைத் திட்டம் 199 ரூபாயில் தொடங்கியது.

ஒரு ஜூலை மாதம் நடத்திய சோதனை

விலைக்கும் நம்பகத்துக்கும் உள்ள இழுபறியை 2024 ஜூலை போல் தெளிவாகக் காட்டிய மாதம் வேறில்லை. தனியார் மூவரும் கட்டணத்தை உயர்த்த, பிஎஸ்என்எல் மட்டும் உயர்த்தவில்லை. டிராய் வெளியிட்ட அந்த மாதக் கணக்கின்படி பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. ஏர்டெல் ஏறத்தாழ 17 லட்சத்தையும், வோடஃபோன் ஐடியா 14 லட்சத்தையும், ஜியோ ஏழரை லட்சத்தையும் இழந்தன. பல ஆண்டுகளாக ஆள் குறைந்துகொண்டே வந்த அரசு நிறுவனத்துக்கு அது எதிர்பாராத விருந்து.

விருந்து நீடிக்கவில்லை. சில மாதங்கள் கூடியது. நவம்பரில் மீண்டும் ஆள் குறையத் தொடங்கியது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2020 ஜனவரி முடிவில் விருப்ப ஓய்வில் 78,569 ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறிய நிறுவனம் அது. ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி விற்றுக்கொண்டிருந்தபோது அதன் பெரும்பகுதி 2ஜி, 3ஜியில் நின்றது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் கூட்டணி அமைத்த 4ஜி டவர்கள் 97,500-க்கும் மேல், 2025 செப்டம்பர் 27 அன்றுதான் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டன. மலிவுக்காகப் போனவர்களில் பலர், யூபிஐ பணம் அனுப்பும்போது சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஆனால் திரும்பாதவர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் ஏமாளிகள் அல்லர். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர், அழைப்புக்கு மட்டும் கைபேசி வைத்திருக்கும் முதியவர், பிஎஸ்என்எல் டவர் மட்டுமே உள்ள மலைக் கிராமத்தார் ஆகியோருக்கு அந்தத் தேர்வு சரியாகவே இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே விலை, ஒரே மாதம்; ஆனால் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம்.

விலை என்று எதைச் சொல்கிறோம்?

திட்டத்தின் பெயரில் இருக்கும் எண் அதன் உண்மையான விலை அன்று. 28 நாள் என்ற கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆண்டுக்கு மாதம் 12. ஆனால் 28 நாள் திட்டத்தில் ரீசார்ஜ் 13. டிராய் 2022 ஜனவரியில் தலையிட்டு, 30 நாள் வேலிடிட்டி உள்ள ஒரு திட்டமும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டமுமாவது எல்லா நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்றது. அவை இருக்கின்றன, விளம்பரத்தில்தான் இருப்பதில்லை.

2024 ஜூலை உயர்வுக்குப் பின் வந்த விலைகளை வைத்தே கூட்டிப் பார்க்கலாம். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஜியோவில் 299 ரூபாய், ஏர்டெல்லில் 349 ரூபாய். 13 முறை போட்டால் முறையே 3,887, 4,537. வித்தியாசம் ஆண்டுக்கு 650 ரூபாய். இரு நிறுவனங்களின் ஓராண்டுத் திட்டமோ 3,599. அதில் டேட்டாவும் கூடுதல். அதாவது இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே நிறுவனத்துக்குள் மாதம் மாதம் போடுபவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை போடுபவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில சமயம் பெரிது. ஏர்டெல்லில் அது 938 ரூபாய். மொத்தமாக 3,600 ரூபாய் எடுத்துக் கொடுக்க முடியாதவர்தான் அதிகம் கட்டுகிறார் என்பது இந்தக் கணக்கின் கசப்பான பகுதி.

டேட்டாவே வேண்டாதவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. அம்மா, அப்பாவின் பட்டன் போனுக்கும் இன்டர்நெட் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் டிராய் குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித்திட்டம் கட்டாயம் என்றது. வேலிடிட்டியை 365 நாள் வரை நீட்டிக்கவும் அனுமதித்தது. 2025 தொடக்கத்தில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், ஓராண்டுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய் என்றும் திட்டங்களைக் கொண்டுவந்தன. 199 ரூபாயை 13 முறை போடுபவர் ஆண்டுக்குக் கட்டுவது 2,587. குரல் மட்டும் போதும் என்றால் அதில் எழுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். வீட்டுப் பெரியவர்களின் எண்ணுக்கு இந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

நீண்ட வேலிடிட்டி மலிவு என்பதால் எல்லோரும் அதற்கே போகலாமா? அங்கேதான் நம்பகம் குறுக்கே வருகிறது. ஆண்டுக் கட்டணம் கட்டியவர், நடுவில் நிறுவனம் மாறினால் மீதியைத் திரும்பப் பெற முடியாது. 2018-இல் ஏர்செல்லில் நீண்ட நாள் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தவர்களின் பணம் சிக்னலோடு போயிற்று. 28 நாள் திட்டத்தில் கூடுதலாகக் கட்டும் தொகை, ஒரு வகையில், வெளியேறும் உரிமைக்கான கட்டணம். புது ஊருக்குக் குடிபோனவர், புதிதாக நிறுவனம் மாறியவர் முதல் ஓரிரு மாதம் அந்தக் கட்டணத்தைக் கொடுப்பது வீண் செலவாகாது. சிக்னல் நிலைக்கிறது என்று தெரிந்த பிறகு ஆண்டுத் திட்டத்துக்குப் போகலாம்.

நம்பகம் ஒன்றல்ல, நான்கு

‘அந்த நெட்வொர்க் நல்லா இருக்கும்’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் குறைவு. நம்பகத்தில் நான்கு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, சிக்னல் எட்டும் தொலைவு. இது அலைவரிசையைப் பொறுத்தது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு போகும், கான்கிரீட் சுவரையும் ஓரளவு துளைக்கும். 2,300, 3,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்தவை வேகம் தரும், சுவரில் தடுமாறும். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியது ஜியோ மட்டும். ஏர்டெல்லின் பலம் 900. தெருவில் 5ஜி என்று காட்டும் கைபேசி அடுக்குமாடியின் உள்ளறைக்குள் போனதும் திணறுவதற்கு உயர்ந்த அலைவரிசையின் இந்தத் தடுமாற்றமே காரணம். வைஃபை வழி அழைப்பு வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ அடுத்த மாதமும் கொண்டுவந்தன. வீட்டில் பிராட்பேண்ட் உள்ளவர்களுக்கு உள்ளறைச் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். கைபேசியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், கூடுதல் கட்டணம் இல்லை; தெரியாததால் பலர் நிறுவனத்தையே மாற்றுகிறார்கள்.

இரண்டாவது, நெரிசல். கோடுகள் நான்கும் நிறைந்திருக்கும், ஆனால் எதுவும் நகராது. திருவண்ணாமலை தீபத்தன்றும், மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்திலும் சிக்னல் இல்லாமல் போவதில்லை. ஒரே டவரை ஆயிரக்கணக்கானோர் பங்கிட வேண்டியிருக்கிறது. ஆள் குறைந்த நிறுவனம் இத்தகைய இடத்தில் சில சமயம் நன்றாக ஓடுவது இதனால்தான்.

மூன்றாவது, கைபேசியோடு பொருத்தம். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. பழைய பட்டன் போனில் அந்தச் சிம் வேலை செய்யாது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யும் வோல்ட்இ வசதி இல்லாத கைபேசியில் அழைப்பும் போகாது. நெட்வொர்க்கைத் திட்டும் முன் கையில் இருக்கும் கருவி எந்தெந்த அலைவரிசையை ஏற்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, நிறுவனத்தின் உடல்நிலை. ஏர்செல் கற்பித்த பாடம் இது. வோடஃபோன் ஐடியாவின் நிலுவைகளை அரசு இருமுறை பங்காக மாற்றிக்கொண்டது: 2023-இல் 16,133 கோடி, 2025-இல் 36,950 கோடி. இப்போது அதில் ஏறத்தாழ 49 சதவீதம் அரசின் பங்கு. பிஎஸ்என்எல்லுக்கு 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மத்திய அமைச்சரவை பெரும் மீட்புத் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. இவை திடீரென மூடப்படும் வாய்ப்பு குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் கடன் அடைக்கவே வருவாய் போகும் நிறுவனம் புது டவருக்குச் செலவழிப்பது தாமதமாகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதன் விளைவு ஒரே நாளில் தெரியாது, மெல்லமெல்லத் தேய்வாகத் தெரியும்.

ஆணையம் அளந்தது என்ன?

அழைப்பு பாதியில் அறுபட்டால் ஒரு ரூபாய் இழப்பீடு, நாளுக்கு மூன்று வரை. டிராய் 2015 அக்டோபரில் இப்படி ஒரு விதி போட்டது. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அழைப்பு அறுவதில் ஒரு பங்கு வாடிக்கையாளர் தரப்புக் காரணங்களாலும் நேர்கிறது என்று டிராயின் ஆவணமே சொல்லியிருந்தது. அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் நிறுவனத்தையே தண்டிப்பது நியாயமற்றது என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகு தனிமனிதர் கையில் நேரடி இழப்பீடு என்ற பேச்சு நீண்டகாலம் எழவில்லை.

ஆணையம் வேறு வழியில் போனது. மாநிலம் முழுமைக்குமான சராசரியை எடுத்தால் சென்னையின் நல்ல எண்கள் ஜவ்வாது மலையின் மோசமான எண்களை மூடிவிடும். எனவே 2017 அக்டோபரிலிருந்து, 90 சதவீத டவர் செல்கள் 90 சதவீத நாட்களில் இரண்டு சதவீத அறுபடலுக்குள் இருக்க வேண்டும் என்ற கடுமையான அளவு வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சேவைத் தர விதிகள் இன்னும் இரண்டு படி ஏறின.

ஒன்று, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும். இரண்டாவது, 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நடுவண் அரசின் தரங் சஞ்சார் தளத்தில் தம் தெருவைச் சுற்றி எந்த நிறுவனத்தின் டவர், எந்தத் தொழில்நுட்பத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். நாட்டில் விலையை ஒப்பிட்டுப் பார்க்காதவர் கிடையாது. இந்த வரைபடங்களைத் திறந்து பார்த்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வரைபடத்திலும் ஒரு குறை உண்டு. அதை வரைவது விற்பவரே. சிக்னல் எட்டும் என்று வண்ணம் தீட்டிய இடத்தில் நெரிசலால் டேட்டா நகராமல் இருக்கலாம். அதனால் வரைபடத்தைத் தொடக்கமாகக் கொண்டு, பக்கத்து வீட்டார் கைபேசியில் ஒரு மாலை நேரம் சோதித்துப் பார்ப்பதே முடிவான சான்று.

புயலும் பொதுத் தூணும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் பல நிறுவனங்களின் சிக்னல் ஒன்றாகச் செத்தது. மின்சாரம் போனது, டவரின் பேட்டரி தீர்ந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை. அடுத்த ஆண்டு வர்தா புயல், 2018-இல் கஜா புயல் என்று இதே கதை திரும்பியது. விலை கூடிய சிம்மும் குறைந்த சிம்மும் அப்போது ஒன்றே.

இதற்குப் பின்னால் இருக்கும் ஓர் உண்மை தேர்வுக்கு உதவும். டவர்கள் பொதுச் சொத்து போலப் பங்கிடப்படுகின்றன. இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் பெரும்பங்கு ஏர்டெல்லுடையது. வோடஃபோன் ஐடியாவும் அதில் பெரிய வாடகைதாரர். ஜியோவின் சேவை பெருமளவு சம்மிட் டிஜிட்டல் டவர்களில் ஏறியிருக்கிறது. பிஎஸ்என்எல்லுக்குச் சொந்த டவர்கள். ஆகவே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் ஒரே கைபேசியில் இரண்டு சிம்மாக இருந்தால், பல ஊர்களில் இரண்டும் ஒரே தூணில் தொங்குகின்றன. அவசரத்துக்கென்று இரண்டாவது சிம் வாங்குபவர் வேறு டவர் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அறிவு.

பணம் அதிகம் வாங்கும் நாடுகளில் நெட்வொர்க் விழாது என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் கேடிடிஐ 2022 ஜூலை 2 அதிகாலையில் ஒரு ரூட்டர் மாற்றத்தில் தவறி, அறுபது மணி நேரத்துக்கு மேல் கோடிக்கணக்கானோரின் சேவையைக் குலைத்தது. ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் 2025 செப்டம்பர் 18 அன்று ஒரு ஃபயர்வால் மேம்படுத்தலில் அவசர அழைப்புகளையே துண்டித்தது. சில உயிரிழப்புகள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன. இந்தியாவிலும் 2024 செப்டம்பர் 17 அன்று ஜியோவும், 2025 ஆகஸ்ட் 18 அன்று ஏர்டெல்லும் சில மணி நேரம் தடுமாறின. ஜப்பானியர் அதிலிருந்து பெற்ற பாடம் பயனுள்ளது. கேடிடிஐயும் அதன் போட்டியாளரான சாஃப்ட்பேங்கும் 2023 மார்ச்சில் கைகோத்து, மாதம் 429 யென்னுக்கு மற்றவரின் இணைப்பை மாற்றுச் சிம்மாகத் தரத் தொடங்கின. ஒரே நிறுவனத்துக்கு அதிகம் கொடுப்பதைவிட, இரண்டாவது நிறுவனத்துக்குக் கொஞ்சம் கொடுப்பது கூடுதல் காப்பு என்பதை இரண்டு நிறுவனங்களே ஒப்புக்கொண்ட அபூர்வம் அது.

இரண்டு சிம் கைபேசி வீட்டுக்கு வீடு இருக்கும் இந்தியாவில் இந்த வழி எளிது. தடையாக இருப்பது அந்தக் குறைந்தபட்ச ரீசார்ஜ். 35 ரூபாய்க் காலத்தில் இரண்டாவது சிம் சுமையே இல்லை; 199 ஆன பிறகு பலர் அதைக் கைவிட்டார்கள். ஆண்டுக் குரல் திட்டமோ பிஎஸ்என்எல்லின் மலிவுத் திட்டமோ அந்த இடத்தை நிரப்பலாம். அரசு நிதியில் அமைந்த ஒரே டவரிலிருந்து ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றின் 4ஜியும் கிடைக்கும் ஏற்பாடு 2025 ஜனவரி 17 அன்று தொடங்கியது. டவர் குறைந்த கிராமங்களுக்கு அது பெரிய உதவி.

மாறுவதற்கான உரிமை

2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்த, எண்ணை இழக்காமல் நிறுவனம் மாறும் வசதிதான் வாடிக்கையாளரின் கையில் உள்ள ஒரே ஆயுதம். 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். புது நிறுவனத்தின் கடையில் அடையாளம் காட்டினால், ஒரே வட்டாரத்துக்குள் மூன்று வேலை நாளில் எண் மாறும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது, சிம்மைப் புதிதாக மாற்றி ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனை மோசடியைத் தடுக்க 2024 ஜூலையில் வந்தது.

90 நாள் என்பதை நினைவில் வைத்தே மாற வேண்டும். சலுகையைக் கண்டு அவசரமாகப் போனவர், சிக்னல் சரியில்லை என்று மறுவாரம் தெரிந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எண்ணை மாற்றும் முன் அந்த நிறுவனத்தின் தனிச் சிம் ஒன்றை ஒரு மாதம் வாங்கிச் சோதிப்பதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். தவறான மாற்றத்தில் போகும் மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இவ்வளவையும் கூட்டினால் ஒரு முடிவுக்கு வரலாம். விலை நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்று. சிக்னல் தெருவுக்குத் தெரு வேறு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இடம்: உறங்கும் வீடு, வேலை பார்க்கும் கட்டடம், தினமும் போகும் வழி, பெற்றோர் இருக்கும் ஊர். இந்த நான்கிலும் எட்டும் நிறுவனங்களைப் பிரித்தெடுத்த பிறகே விலைக்கு வரலாம். வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் கட்டிய எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் ஆட்டம் காணும் நிறுவனத்தில் வைக்கக் கூடாது. அந்த எண்ணுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடப் போனாலும் தகும். படம் பார்க்கவும் பாட்டு கேட்கவும் ஆகும் டேட்டாவை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். அது நின்றால் ஒரு மாலைதான் போகும். வண்டி ஓட்டி உணவு கொண்டுசெல்பவர், பண்ணைக்குட்டை மோட்டாரைக் கைபேசியால் இயக்கும் விவசாயி போல சிக்னலே வருமானமாக உள்ளவர்களுக்கு இரண்டு சிம் அவசியம்.

ஆணையத்துக்கும் ஒரு வேண்டுகோள் மிச்சமிருக்கிறது. நிறுவனங்கள் தனித்தனியே வெளியிடும் வரைபடங்களை ஒரே தளத்தில் அடுக்கி, வட்ட அளவில் அறுபடல் விகிதத்தையும் மாலை நேர வேகத்தையும் தமிழில் வெளியிட வேண்டும். எண் மாறும்போது ஆண்டுக் கட்டணத்தின் மீதி வாடிக்கையாளருக்குத் திரும்ப வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் நம்பகமும் விலையைப் போலவே எல்லோர் கண்ணுக்கும் தெரியும் எண்ணாகும். அதுவரை, அடுத்த ரீசார்ஜுக்கு முன் தரங் சஞ்சார் பக்கத்தை ஒருமுறை திறந்து தங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள்.